சரக்கொன்னை வளர்ப்பு: விதை எடுப்பதிலிருந்து முதல் பூ வரை

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டு எல்லையின் இரண்டு பக்கமும் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் பேசினால் ஒரே குறை அடிக்கடி காதில் விழும்: கொன்னை வைத்து வருஷம் பலவாச்சு, தளதளவென்று நிற்கிறது, பூ மட்டும் இல்லை. போய்ப் பார்த்தால் மரத்தின் மேல் குற்றம் இருக்காது. தென்னைக்குப் பாயும் தண்ணீர் அதற்கும் பாய்ந்துகொண்டிருக்கும், அல்லது பலா நிழலில் நின்றுகொண்டிருக்கும், அதுவும் இல்லையென்றால் வாங்கி வந்த கன்று சரக்கொன்னையாகவே இருக்காது.

இந்த மரத்துக்குச் செய்ய வேண்டிய வேலை குறைவு, ஆனால் வரிசை தப்பக் கூடாது. முதல் மூன்று வருஷம் பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டும், அதற்கப்புறம் கையை எடுத்துவிட வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நட்டுவிட்டு மறந்துபோகிறார்கள், தப்பிப் பிழைத்து ஆளுயரம் வந்த பிறகு உரமும் தண்ணீருமாகச் சீராட்டுகிறார்கள்.

1. மரம் எது என்று முதலில் உறுதி செய்யுங்கள்

மஞ்சளாகப் பூக்கும் மரத்துக்கெல்லாம் நம் பக்கம் கொன்னை என்றே பேர். அதனால் கன்று வாங்கினாலும் விதை பொறுக்கினாலும் தாய்மரத்தைப் பூவோடோ காயோடோ பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

சரக்கொன்னையில் பூங்கொத்து கீழ்நோக்கித் தொங்கும், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக நீளம் இருக்கும். இலைக்காம்பு ஒன்றில் 3 முதல் 8 ஜோடி சிற்றிலைகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளத்துக்குக் குறையாமல் அகலமாக இருக்கும். காய் உருண்டையான தடிபோல, 30 முதல் 60 சென்டிமீட்டர் நீளம் வரும்.

பூங்கொத்து கிளை நுனியில் நிமிர்ந்து நின்றால் அது வேறு மரம். காய் தட்டையாகவும் சிற்றிலை சிறிதாகவும் இருந்தால் சாலையோரம் நட்ட மஞ்சள் கொன்றையாக இருக்கலாம். இலை புளிய இலைபோல நுணுக்கமாக, காய் துருப்பிடித்த நிறத்தில் தட்டையாக இருந்தால் இயல்வாகை.

இவற்றிலெல்லாம் பெரிய வில்லங்கம் சென்னா ஸ்பெக்டாபிலிஸ். தென் அமெரிக்க மரம், இதையும் மஞ்சக்கொன்ன என்றே சொல்கிறார்கள். வயநாடு, முதுமலைக் காடுகளுக்குள் புகுந்து அடியில் ஒரு புல்லையும் வளர விடாமல் அடைத்துக்கொண்டு, இப்போது வனத்துறை அதை வேரோடு பிடுங்கிக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் வளரும், சீக்கிரம் பூக்கும் என்று யாராவது அதன் கன்றைக் கொடுத்தால் வாங்காதீர்கள். மலையடிவாரத்தில் இருப்பவர்கள் இதில் இரட்டிப்பு கவனமாக இருக்க வேண்டும். உங்கள் வேலியிலிருந்து காட்டுக்குள் விதை போக அதிக தூரம் இல்லை.

2. இடம்: பெரிய மரத்துக்குப் பக்கத்தில், ஆனால் அடியில் வேண்டாம்

ஆனைமலை, பரம்பிக்குளம் பக்கத்து இலையுதிர்க் காடுகளில் தேக்கும் வேங்கையும் மருதும் மேலே நிற்க, கொன்னை அதற்குக் கீழ் அடுக்கில் நிற்கும். இதைக் கேட்டுவிட்டு நிழல் தாங்கும் மரம் என்று நினைத்து மாமரத்தின் கீழ் நட்டுவிடுகிறார்கள். அந்தக் காட்டில் மாசி, பங்குனியில் மேலே இருக்கும் மரங்களும் இலை உதிர்த்துவிடும். வெயில் நேராகக் கொன்னை மேல் இறங்கும், அந்த நேரத்தில்தான் அது மொட்டு கட்டும். மாவும் பலாவும் வருஷம் முழுக்க இலையோடு நிற்பவை. அவற்றின் அடியில் கொன்னை உயிரோடு இருக்கும், பூக்காது.

ஆகவே நாளில் பாதியாவது நேர் வெயில் படும் ஓரமாகப் பாருங்கள். தேக்கு, வேங்கை வைத்திருந்தால் அதன் விளிம்பு மிகப் பொருத்தம். தென்னந்தோப்பென்றால் வரப்போரமோ வேலியோரமோ சரி, நடுத்தோப்பு வேண்டாம். நிழல் ஒரு காரணம், தென்னைக்கு விடும் கோடைத் தண்ணீர் இன்னொரு காரணம்.

சுவரிலிருந்து 4, 5 மீட்டர் தள்ளி வையுங்கள். மின்கம்பிக்குக் கீழே வைத்தால் ஒரு நாள் யாராவது வந்து உச்சியை வெட்டிவிடுவார்கள். கார் நிறுத்தும் இடத்துக்கு மேலேயும் வேண்டாம், நெற்று, அதாவது முற்றிக் காய்ந்த காய், கனமானது. காட்டோரத் தோட்டங்களில் வீட்டை ஒட்டி நடாமல் தள்ளியே நடுங்கள். நெற்றுக்குள் இருக்கும் இனிப்புச் சதைக்குக் குரங்கு வரும், காட்டுப்பன்றி வரும், கரடி நடமாடும் இடமென்றால் அதுவும் வரும்.

சித்தூர் தாலுகாவின் கரிசல் பூமியில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளத்தைத் தவிருங்கள். வறட்சியைத் தாங்கும் இந்த மரம், வேரில் தண்ணீர் நின்றால் தாங்காது.

3. நாள் கணக்கு போட்டுவிட்டு விதைக்கு இறங்குங்கள்

புதிதாக ஆரம்பிப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். விதை கிடைத்த நாளில் விதைத்துவிட்டு, கன்று எப்போது மண்ணுக்குப் போகும் என்று யோசிக்காமல் விடுகிறார்கள். கொன்னை இலையைவிட வேரை வேகமாக இறக்கும். ஆறேழு மாசத்துக்கு மேல் சின்னப் பையிலேயே கிடந்தால் ஆணிவேர் பையின் அடியில் சுருண்டுவிடும். சுருண்ட வேர் நட்ட பிறகும் நிமிராது. அதனால் நடும் மழையை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து ஐந்தாறு மாசம் பின்னால் எண்ணி விதைக்க வேண்டும்.

கேரளப் பக்கம் இடவப்பாதி மழையில், அதாவது ஜூன் பாதிக்கு மேல் நடுவதென்றால் தை மாசம் விதையுங்கள். பொள்ளாச்சிக்குக் கிழக்கே போகப் போக ஆடியில் காற்றுதான் அடிக்கும், மழை அவ்வளவாக இருக்காது. அங்கே ஐப்பசி மழைக்கு நடுவதே நல்லது, விதைப்பு சித்திரையில்.

4. தேவையானவை

முற்றிய நெற்று, ஒரு சுத்தியல், 80ஆம் நம்பர் உப்புத்தாள் அல்லது நகவெட்டி, 6 அங்குல அகலமும் 10 அங்குல உயரமும் உள்ள நாற்றுப் பை. பையில் அகலத்தைவிட உயரம் முக்கியம், காரணம் மேலே சொன்ன ஆணிவேர். மண்கலவைக்குச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மட்கிய சாண எரு ஒரு பங்கு. நடும்போது வேப்பம் புண்ணாக்கு, இரண்டு முட்டுக் கொம்பு, பழைய சேலைக் கிழிசல், மூடாக்குக்குக் காய்ந்த இலை. கொசுவலைத் துண்டு ஒன்றையும் எடுத்து வையுங்கள், எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

5. நெற்று பொறுக்குவதும் விதை எடுப்பதும்

சித்திரையில் பூத்ததன் காய் மழைக்காலம் முழுக்கப் பச்சையாக நீண்டு, மார்கழி தொடங்கிப் பங்குனிக்குள் கறுத்து முற்றும். முற்றிய நெற்றைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். பச்சையும் பழுப்புமாக இருப்பதைப் பறிக்காதீர்கள். நெற்றின் மேல் சிறு துளைகள் இருந்தால் பூச்சி உள்ளே போய் விதையைத் தின்றிருக்கும், அதையும் ஒதுக்குங்கள்.

சாலையோரத்திலும் கோயில், பள்ளி வளாகங்களிலும் தாராளமாகக் கிடைக்கும். புலிகள் காப்பகத்துக்குள் போய்ப் பொறுக்க வேண்டாம். அது சட்டப்படி குற்றம், அங்கே விழுவது அங்கே இருக்கும் உயிர்களுக்கு உரியது.

நெற்றைக் கல்மேல் வைத்து நீளவாக்கில் இருக்கும் தையல் கோட்டின் மேல் லேசாகத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் விதையும் சேர்ந்து உடையும். பிளந்ததும் உள்ளே காசு அடுக்கியது போல மெல்லிய தடுப்புகள், ஒவ்வொரு தடுப்புக்கும் நடுவில் தட்டையான பழுப்பு விதை ஒன்று, அதைச் சுற்றிக் கறுத்த பிசுபிசுப்பான சதை. அந்தச் சதை கையில் ஒட்டினால் எளிதில் போகாது, வாடையும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரு வாளித் தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் தேய்த்துக் கழுவினால் விதை பளபளவென்று பிரிந்து வரும். மிதப்பதைத் தள்ளிவிட்டு மூழ்கியதை நிழலில் உலர்த்துங்கள்.

பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் அந்தச் சதையை வாயில் வைக்க விடாதீர்கள். இனிப்பாக இருக்கும், ஆனால் வயிற்றைப் பலமாகப் போக்கிவிடும்.

6. விதையின் தோலைக் கீறாமல் விதைக்காதீர்கள்

கொன்னை விதையின் மேல்தோல் தண்ணீரை உள்ளே விடாது. கீறாமல் போட்ட விதை மண்ணுக்குள் மாசக்கணக்கில் அப்படியே கிடக்கும், நீங்களும் விதை சொத்தை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். காட்டில் இந்த வேலையை விலங்கின் குடலும் வெயிலும் மழையும் சேர்ந்து செய்கின்றன. நாம் உப்புத்தாளால் செய்கிறோம்.

விதையின் ஒரு முனையில் காம்பு ஒட்டியிருந்த சின்னத் தழும்பு தெரியும், முளை வருவது அந்தப் பக்கம். அதைத் தொடாமல் எதிர்ப்பக்கத்து விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து, பழுப்புத் தோல் போய் உள்ளே வெளிர் நிறம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். நகவெட்டியால் ஓரத்தில் இம்மியளவு கிள்ளினாலும் போதும். பிறகு ஒரு நாள் தண்ணீரில் ஊறவிடுங்கள். தண்ணீர் ஏறிய விதை இரண்டு மடங்காவது உப்பியிருக்கும், பார்த்தாலே தெரியும். உப்பாதது எதுவோ அதைத் திரும்பத் தேய்த்து மறுபடி ஊறப்போடுங்கள்.

விதை நிறைய இருந்தால் வெந்நீர் முறை உண்டு. தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியதும் விதையைப் போட்டு அப்படியே ஆறவிட்டு மறுநாள் எடுங்கள். அடுப்பில் இருக்கும்போதே போட்டால் விதை வெந்துவிடும், இதைச் செய்து மொத்த விதையையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நாற்றங்கால்காரர்கள் அமிலத்தில் போட்டு எடுப்பதுண்டு. வீட்டில் அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

7. பையில் விதைப்பது

பைக்கு இரண்டு விதை, விரல் நகத்தளவு ஆழம், படுக்கைவாக்கில். மேலே மெல்லிய மண், அதற்கு மேல் கொஞ்சம் வைக்கோல். பூவாளியால் தெளியுங்கள், குழாயைத் திருப்பி விட்டால் விதை கிளம்பி வந்துவிடும். ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் முளைக்கும். முளைத்ததும் வைக்கோலை எடுத்துவிடுங்கள், இரண்டும் முளைத்திருந்தால் இளைத்ததை வேரோடு பிடுங்காமல் கத்தரித்துவிடுங்கள், பிடுங்கினால் பக்கத்துக் கன்றின் வேர் அசையும்.

முதல் இரண்டு மாசம் பாதி நிழல், அப்புறம் படிப்படியாக முழு வெயில். நிழலிலேயே வளர்த்த கன்றை நேராகக் கொண்டுபோய் வெளியில் நட்டால் இலை கருகிவிடும். கன்றுகள் அழுகி விழுந்தால் பெரும்பாலும் தண்ணீர் மிகுதிதான் காரணம். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றுங்கள்.

8. நடவு

முதல் மழையைக் கண்டதும் ஓடாதீர்கள். இரண்டு மூன்று நல்ல மழை பெய்து, ஒரு முழம் தோண்டினால் அடியிலும் ஈரம் இருக்கும்போது நட வேண்டும். மேல் ஈரத்தை நம்பி நட்டு, பிறகு பத்து நாள் வெயில் அடித்தால் கன்று தவித்துப்போகும்.

இளகிய மண்ணில் ஒன்றரை அடிக் குழி போதும். சுண்ணாம்புக் கல் கலந்த இறுகிய மண்ணென்றால் இரண்டு அடி. எடுத்த மண்ணோடு ஒரு கூடை மட்கிய எருவும் இரண்டு கை வேப்பம் புண்ணாக்கும் கலந்து மூடுங்கள், புண்ணாக்கு கரையானுக்காக. பயறுக் குடும்பத்து மரம்தானே, வேரில் முடிச்சு விட்டுத் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும் என்று சிலர் எருவே இல்லாமல் நடுகிறார்கள். கொன்னையின் வேரில் அந்த முடிச்சு வராது. ஆக, தொடக்கத்தில் எரு கட்டாயம்.

பையைக் கிழித்து எடுங்கள், தலையைப் பிடித்து இழுக்காதீர்கள். அடியில் வேர் சுற்றியிருந்தால் அந்தச் சுற்றை மட்டும் கூரிய கத்தியால் வெட்டிவிட்டு நடுங்கள். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் வையுங்கள். கரிசலில் சுற்றுமண்ணைவிட அரை அடி மேடாக்கி நடுவது பாதுகாப்பு. சுற்றி வட்டப்பாத்தி, அதில் நான்கு விரல் கனத்துக்கு மூடாக்கு. மூடாக்கு தண்டைத் தொடக் கூடாது, தொட்டால் பட்டை அழுகும்.

9. பாலக்காட்டுக் காற்றுக்கு முட்டு

மற்ற ஊர்க்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம், நாம் முடியாது. சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள கணவாய் வழியாக வைகாசி முதல் ஆவணி வரை மேற்குக் காற்று வீசும், மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று திரும்பி வரும். கன்று இரண்டு திசைக்கும் ஆடும். ஆட ஆட அடிவேர் மண்ணைப் பிடிக்க முடியாமல் அறுபடும்.

கன்றின் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரண்டு கொம்பு ஊன்றி, சேலைக் கிழிசலை எட்டு வடிவில் சுற்றி, கன்றின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் கட்டுங்கள். உச்சிவரை இறுக்கிக் கட்டினால் தண்டு பருக்காது, அவிழ்த்த அன்றே சாய்ந்துவிடும். கொஞ்சம் ஆடினால்தான் தண்டு தடிக்கும். கயிறும் கம்பியும் பட்டையை அறுக்கும், வேண்டாம். ஒரு வருஷம் கழித்து முட்டுக் கொம்புகளை எடுத்துவிடுங்கள்.

10. முதல் மூன்று வருஷம்

முதல் கோடையில் வாரம் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு குடம். இரண்டாம் கோடையில் வாரம் ஒரு தடவை இரண்டு குடம். மூன்றாம் கோடையில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மூன்று குடம். இடைவெளி விட்டு நிறைய ஊற்றினால் ஈரம் ஆழம் போகும், வேரும் அதைத் தேடி இறங்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலேயே படரும், பிற்பாடு காற்றுக்கும் வறட்சிக்கும் அதுதான் பலவீனம்.

ஆடு மாடு இதன் இலையை விரும்பித் தின்னாது. ஆனாலும் மிதிக்கும், உரசும், அதனால் முள்வேலி தேவை. இன்னொரு பெரிய எதிரி புல்வெட்டும் மெஷின். அதன் நைலான் நரம்பு அடித்தண்டில் பட்டால் பட்டை வட்டமாக உரிந்து, நன்றாக இருந்த கன்று ஒரே மாசத்தில் காய்ந்துவிடும். கன்றைச் சுற்றி ஓர் அடிக்குக் கையால் களை எடுங்கள்.

தண்டு ஒல்லியாக, நெடுநெடுவென்று வளைந்து போவதைப் பார்த்து அடிக்கிளைகளை மொத்தமாகக் கழித்துவிடாதீர்கள். தண்டு தடிக்க உதவுவது அந்தக் கிளைகள்தான். வருஷத்துக்கு இரண்டு மூன்றாகக் கழித்துக்கொண்டே மேலே போகலாம்.

11. இலையில் புழு வந்தால்

வரும், வர வேண்டும். மழைக்குப் பின் தளிர் விட்டதும் வெளிர்மஞ்சளும் வெள்ளையுமான பட்டாம்பூச்சிகள் மரத்தைச் சுற்றத் தொடங்கும். அவை கடோப்சிலியா இனத்தவை, முட்டையிடுவதற்குக் கொன்னைக் குடும்பத்துச் செடிகளையே தேடி வருபவை. தளிரைப் புரட்டிப் பாருங்கள்: அரிசியைவிடச் சின்னதாக, இரண்டு முனையும் கூர்ந்த வெள்ளை முட்டைகள் தனித்தனியாகச் செங்குத்தாக நிற்கும். அதிலிருந்து வரும் புழு இலைப்பச்சை நிறம், பக்கவாட்டில் ஒரு கோடு, நடுநரம்பின் மேல் நீட்டிப் படுத்திருந்தால் கண்ணுக்கே தெரியாது.

பெரிய மரத்தில் இலை பாதி போனாலும் கவலை இல்லை, திரும்பத் தளிர்க்கும். சின்னானும் கரிச்சானும் புழுக்களைப் பொறுக்கிக் குஞ்சுகளுக்குக் கொண்டுபோவதை நீங்களே பார்க்கலாம். இதைப் பார்த்துப் பதறி மருந்தடிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பட்டாம்பூச்சியும் குருவியும் வர வேண்டும் என்று மரம் வைத்துவிட்டு அவற்றின் சாப்பாட்டில் விஷம் வைக்காதீர்கள். வேப்பெண்ணெய்யும் புழுவைக் கொல்லும், இயற்கை மருந்து என்பதால் அது சரியாகிவிடாது.

முதல் வருஷக் கன்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதில் இருப்பதே நாலைந்து இலை. தளிர் விடும் வாரங்களில் கொசுவலையால் மூடிவையுங்கள், ஏற்கெனவே புழு இருந்தால் இலையோடு எடுத்து வளர்ந்த மரத்தில் விடுங்கள்.

12. நாலாம் வருஷத்திலிருந்து கோடைத் தண்ணீர் கிடையாது

கார்த்திகை மழை ஓய்ந்ததும் தண்ணீரை நிறுத்துங்கள், முதல் பூ வந்து முடியும் வரை ஊற்றாதீர்கள். மாசியில் இலை மஞ்சளாகி உதிரும். மரம் சாகிறது என்று பயந்து இந்த நேரத்தில் தண்ணீர் விட்டால் பூவுக்குப் பதிலாக இலை தள்ளும். இந்தக் காய்ச்சலும் வெயிலும் சேர்ந்தால்தான் மொட்டு வரும். யூரியா போன்ற தழைச்சத்து உரமும் அதே கெடுதலைத்தான் செய்யும்.

விதையிலிருந்து வந்த மரம் பொதுவாக ஐந்து முதல் எட்டு வருஷத்தில் பூக்கும். முதல் தடவை நாலைந்து சரம்தான் வரும். அவசரப்பட்டுக் கவாத்து செய்யாதீர்கள். கவாத்து தேவைப்பட்டால் பூ முடிந்து, மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் செய்யுங்கள். தை, மாசியில் வெட்டினால் அந்த வருஷத்துப் பூக்கிளை போய்விடும்.

விஷுவுக்கும் சித்திரைக் கனிக்கும் முந்தின ராத்திரி ஊரே வந்து கேட்கும். கேட்கட்டும், கொடுங்கள், ஆனால் கிளையை முறித்து இழுக்க விடாதீர்கள். முறித்த இடத்தில் பட்டை கீழ்வரை உரிந்து, ஜூன் மழையில் தண்ணீர் இறங்கி அழுகும். நீங்களே கத்தரியால் சரத்தை மட்டும் அதன் காம்படியில் வெட்டிக் கொடுங்கள். சாயங்காலம் வெட்டித் தண்ணீரில் வைத்தால் காலைக் கனிக்கு உதிராமல் இருக்கும்.

13. பூவுக்கு வண்டு, காய்க்கு விலங்கு

கொன்னைப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான் கூலி. அதையும் எளிதில் கொடுக்காது, மகரந்தப்பையில் இருக்கும் சின்னத் துளை வழியாகத்தான் வரும். பெரிய கருவண்டு, அதாவது தச்சுத் தேனீ, பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். பறக்கும்போது கேட்ட ரீங்காரம் அப்போது சட்டென்று கீச்சென மாறும். நடுவில் இருக்கும் குட்டைக் கேசரங்களிலிருந்து (மகரந்தப்பையைத் தாங்கும் காம்புகள்) தன் சாப்பாட்டை அது உதிர்க்கும்போதே, வளைந்து நீண்ட மூன்று கேசரங்கள் அதன் உடம்பின் மேல் மஞ்சள் தூளைப் பூசிவிடும். அடுத்த பூவுக்கு அது போகும்போது அந்தத் தூளும் போகும்.

இந்த வண்டு காய்ந்த மூங்கிலிலும் பட்ட மரத்திலும் துளையிட்டுக் குடியிருக்கும். தோட்டத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று எல்லாக் காய்ந்த கட்டையையும் அடுப்புக்கு அனுப்பிவிட்டால் பூ இருக்கும், காய் பிடிக்காது. விரல் கனத்துக்குத் துளையுள்ள காய்ந்த மூங்கில் நாலைந்தைக் கட்டி, மழை படாத சுவரோரம் தொங்கவிடுங்கள்.

நெற்று பத்து மாசத்துக்கு மேல் தொங்கும். பார்க்க அழகில்லை என்று சிலர் அறுத்துப் போடுகிறார்கள். விட்டுவையுங்கள். காட்டோரமென்றால் நரியும் குரங்கும் உடைத்துச் சதையைத் தின்று விதையை வேறெங்கோ கொண்டுபோய் விடும். ஊருக்குள் அந்த விலங்குகள் இல்லை, உடையாத நெற்றுக்குள் இருக்கும் விதை பெரும்பாலும் அங்கேயே வீணாகிவிடும். அதனால் பங்குனியில் விழுந்ததைப் பொறுக்கி, பாதியை உடைத்து வேலியோரம் இறையுங்கள். மீதியைக் கழுவி உலர்த்தித் துணிப்பையில் போட்டு வையுங்கள், கீறாத விதை ஒரு வருஷத்துக்கு மேல் தாராளமாகத் தாங்கும், கேட்டு வருபவர்களுக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது உப்புத்தாள் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.